துடைப்பமும் வாளியும் தாளம் பேச: மேடைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: கல்லூரி ஆண்டு விழாவுக்காக எட்டுப் பேர் சேர்ந்து, 'ஸ்டாம்ப்' குழு செய்வதுபோல, துடைப்பம், வாளி, தீப்பெட்டி, பாத்திர மூடி இவற்றை மட்டும் வைத்து 8 நிமிடத் தாள நடனம் ஒன்று தயாரிக்கிறோம். ஆறு வாரம் இருக்கிறது. மேடை சிமென்ட் மேடை. இரண்டு மூன்று முறை கூடிப் பழகிவிட்டோம். வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது. எங்கே தவறு? என்னென்ன வாங்க வேண்டும், எப்படிப் பழக வேண்டும்?

பதில்:

இரைச்சலுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எட்டுப் பேரும் ஒரே அடியை ஒரே நேரத்தில் அடிக்கிறீர்கள். எட்டு வாளியில் விழும் எட்டு அடி எவ்வளவு பழகினாலும் ஒரே கணத்தில் விழாது. ஒருவர் இம்மி முந்துவார், ஒருவர் பிந்துவார். அந்தச் சிதறலைத்தான் காது இரைச்சல் என்கிறது. ஆள் கூடக் கூடச் சத்தம் கூடுமே தவிர தாளம் கூடாது.

தாளத்தைப் பங்கு போட வேண்டும். ஒரே உரலில் இரண்டு பெண்கள் இரண்டு உலக்கையால் மாற்றி மாற்றிக் குத்துவதை நினைத்துப் பாருங்கள். ஒருத்தியின் உலக்கை ஏறும்போது மற்றவளுடையது இறங்கும். இருவரும் சேர்ந்து இறக்கினால் உலக்கைகள் முட்டிக்கொள்ளும். வேலை தடையில்லாமல் நடக்க வேண்டும் என்பதே அங்கே தாளத்தைக் கட்டிக் கொடுக்கிறது. சங்கப் பாடல்கள் சொல்லும் வள்ளைப் பாட்டு அந்த உரலடியில் பிறந்ததுதான். கொல்லன் பட்டறையில் கைச்சுத்தியலும் சம்மட்டியும் மாறி மாறி விழுவதும் இதே கணக்கு. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் வைக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் பொருளைத் தேர்ந்தெடுப்பதும் கையைப் பழக்குவதும்தான்.

நீங்கள் சொல்லும் ஸ்டாம்ப் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் 1991-இல் தொடங்கியது. லூக் கிரெஸ்வெல், ஸ்டீவ் மெக்நிக்கலஸ் என்ற இருவர் உருவாக்கினார்கள். இருவரும் அதற்கு முன் தெருவில் வாசித்த குழு ஒன்றில் இருந்தவர்கள். நியூயார்க்கின் ஆர்ஃபியம் அரங்கில் 1994 பிப்ரவரியில் ஆரம்பித்து 2023 ஜனவரி வரை ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஓடியது. மேடையில் எட்டுப் பேர், ஒரு வசனம் கிடையாது. அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது அடிகளை எண்ணாதீர்கள், யார் எப்போது அடிக்காமல் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே அடி அடிக்கும் இடம் மிகக் குறைவு. அதை ஒரு பகுதியின் முடிவுக்காகச் சேமித்து வைத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். துடைப்பக் காட்சி, பெருக்குவதில்தான் தொடங்கும். ஒருவர் வந்து பெருக்குகிறார், அவ்வளவுதான். அந்தப் பெருக்கலின் 'சர்... சர்...' மெல்ல ஒழுங்குபட்டுத் தாளமாகிறது. அதற்கப்புறம்தான் தட்டலும் மிதியும் வருகின்றன. பொருள் தன் வேலையைச் செய்யும்போது எழுப்பும் ஓசையே முதல் ஓசை. கொத்துப் பரோட்டா போடுகிறவரின் கையைப் பாருங்கள்: கல்லில் வெறும் தகடு விழும்போது ஓசை கணீரென்று இருக்கும், பரோட்டா துண்டாகி முட்டையும் சால்னாவும் சேரச் சேர மங்கிக்கொண்டே வரும். வேலை நகர்வதை ஓசையே சொல்லிவிடுகிறது. துடைப்பத்தை எடுத்தவுடன் முரசுக் குச்சிபோலத் தரையில் அடிக்கத் தொடங்கினால் இந்த உயிர் போய்விடும். முதல் இரண்டு நிமிடம் உண்மையாகவே பெருக்குங்கள்.

துடைப்பம்

வீட்டுப் பூந்துடைப்பம் இதற்கு ஒத்து வராது. பூ உதிரும், தரையில் ஓசை எழும்பாது, கைப்பிடியும் குட்டை. நீளக் கைப்பிடியும் மரத்தலையும் விறைப்பான நைலான் முள்ளும் கொண்ட, வாசல் தேய்க்கும் பிரஷ் வாங்குங்கள். தலை ஓர் அடி அகலம், கைப்பிடி மார்பளவு, அதாவது 120 முதல் 130 செ.மீ. கைப்பிடி மரமாக இருக்கட்டும், ஓர் அங்குலக் கனம். பிளாஸ்டிக் உறை போட்ட தகரக் குழாய்க் கைப்பிடி இரண்டாம் நாளே வளையும்; தட்டினால் 'டிங்' என்று சன்னமான ஓசைதான் வரும். எட்டுப் பேருக்குப் பன்னிரண்டு வாங்குங்கள். ஒத்திகையில் குறைந்தது இரண்டு நிச்சயம் உடையும்.

தலையும் கைப்பிடியும் சேரும் இடம்தான் ஆபத்து. திருகாணி மரை மட்டும் இருக்கும் பிரஷ் ஐந்து நிமிட ஆட்டத்தில் கழன்றுவிடும். கழன்ற தலை முன்வரிசைக்குப் பறக்கும். வாங்கிய அன்றே குறுக்கே துளையிட்டு ஒரு போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்குங்கள். மரத்துளையில் பசையும் விடுங்கள். ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்பும் தலையைக் கையால் முறுக்கிப் பார்க்கும் பழக்கம் எட்டுப் பேருக்கும் வர வேண்டும்.

இந்த ஒரு பொருளில் நான்கு ஓசை இருக்கிறது. முன்னே தள்ளும் நீளமான 'சர்'. பின்னே வெடுக்கென்று இழுக்கும் குட்டையான 'சக்'. தலையின் மரப்பக்கம் தரையில் விழும் 'டொம்'. கைப்பிடி நுனியால் தட்டும் 'டக்'. புதிதாகப் பழகுகிறவர்கள் முள்ளைத் தரையில் அழுத்தித் தேய்க்கிறார்கள். அழுத்தினால் முள் மடங்கும். மடங்கிய முள்ளின் பக்கவாட்டு வழுக்கிக்கொண்டு போகும், ஓசை செத்துவிடும். நுனி ஒரு செ.மீ. மட்டும் தரையைத் தொட வேண்டும். துடைப்பத்தின் எடையைக் கையே தாங்கி நிற்க வேண்டும், தரை தாங்கக் கூடாது. 'டக்' அடிக்கும்போது மேல்கை வெறும் வளையமாக இருக்கட்டும்: விரல்களுக்குள் கைப்பிடி நழுவி விழுந்து, தரையில் பட்டுத் துள்ளி எழும்போது பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடித்துக் குத்தினால் ஓசை அடைபடும், மணிக்கட்டும் வலிக்கும்.

ஈர்க்குமாற்றை இரண்டு பேருக்குக் கொடுத்துப் பாருங்கள். குனிந்து பெருக்கும்போது வரும் 'வறக் வறக்' வேறு எதிலும் வராது. ஈர்க்குகள் ஒழுங்காக அமர, கட்டின் அடியை உள்ளங்கையில் தட்டுவோமே, அந்த 'டப்'பும் நல்ல ஓசை. நம் ஊர் அவைக்கு இது உடனே புரியும். ஒரு எச்சரிக்கை: துடைப்பத்தைக் காலால் மிதிப்பதும், ஒருவர் மேல் ஓங்குவதும் நம்மிடம் வேறு பொருள் கொண்டவை. அவையில் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அந்த அசைவுகள் இல்லாமலே நடனம் அமையும்.

ஒரு தாளக் கட்டு, எண்ணிக்கையோடு

பழக ஒரு கட்டைச் சொல்கிறேன். பதினாறு எண்ணிக்கை, சொல்கட்டாகச் சொன்னால் 'தகிட தகிட தகதிமி தகிட தகிட'. மூன்று, மூன்று, நான்கு, மூன்று, மூன்று. கூட்டினால் 16.

மூன்று பேர் பெருக்குகிறார்கள்: 1, 5, 9, 13-இல் ஒவ்வொரு 'சர்'. இது நேரான நடை, ஆட்டம் முழுவதற்கும் தரை. அடுத்த மூன்று பேர் சொல்கட்டின் ஒவ்வொரு முதலெழுத்திலும் 'டொம்': 1, 4, 7, 11, 14. மீதி இரண்டு பேர் கைப்பிடியால் 'டக்': 8, 15, 16. முதல் இரண்டு கூட்டமும் சந்திப்பது 1-இல் மட்டும். மூன்றாவது கூட்டம் யாரையும் சந்திப்பதில்லை. அதன் கடைசி இரண்டு தட்டும் அடுத்த சுற்றின் 1-க்குத் தள்ளிவிடுகின்றன. 2, 3, 6, 10, 12 இந்த ஐந்து இடமும் காலி. அவற்றை நிரப்பாதீர்கள். 'அங்கே ஒரு கைதட்டல் போட்டால் என்ன?' என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். காலி இடங்கள் இருப்பதால்தான் மற்ற அடிகள் தனித்தனியாகக் கேட்கின்றன.

கையில் பொருள் எடுக்கும் முன் வாயால் சொல்லிப் பழகுங்கள். எட்டுப் பேரும் 16 எண்ணிக்கையையும் சொல்லிக்கொண்டே தன் இடத்தில் மட்டும் கை தட்ட வேண்டும். பிறகு சொல்லாமல் தட்ட வேண்டும். பிறகு நடந்துகொண்டே தட்ட வேண்டும். நடந்துகொண்டு பிடிபடாதது, துடைப்பத்தோடு ஒருநாளும் பிடிபடாது. மிருதங்கமோ பரதமோ தெரிந்தவர் குழுவில் ஒருவர் இருந்தால் எண்ணிக்கைப் பொறுப்பை அவரிடம் விட்டுவிடுங்கள்.

வேகம்: நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு என்று வைத்து, நிமிடத்துக்கு 96 தட்டு. செல்பேசியில், சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலியில் 96 வையுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டரை வினாடி; 8 நிமிடத்துக்கு 192 சுற்று. ஒரே கட்டை 192 முறை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது. நான்கு அல்லது எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று மாற வேண்டும்: ஒரு கூட்டம் நிற்கட்டும், இரண்டு கூட்டமும் பொருளை மாற்றிக்கொள்ளட்டும், பாதிப்பேர் நான்கு எண்ணிக்கை தள்ளித் தொடங்கட்டும், அல்லது எல்லோரும் ஒரு முழுச் சுற்று ஓசையில்லாமல் அசைவை மட்டும் செய்யட்டும். கடைசியாகச் சொன்னது மிகவும் வலுவானது, மிகவும் கடினமும்கூட: அமைதியில் எல்லோரும் வேகம் கூட்டிவிடுவார்கள். மெட்ரோனோமை அந்தச் சுற்றில் மட்டும் அணைத்து, அடுத்த 1-இல் திரும்பப் போட்டுச் சரிபாருங்கள்.

மேடை பதற்றத்தில் வேகம் எப்படியும் ஏறும். ஒத்திகையில் 96 என்றால் மேடையில் 104 ஆகலாம். அந்த வேகத்திலும் கை தாங்குமா என்று முன்பே ஓட்டிப் பாருங்கள். கலையரங்கம் கான்கிரீட் சுவரும் உயரமான கூரையுமாக எதிரொலிக்கும் இடம் என்றால் 96-ஐயும் குறைத்து 88-க்கு வாருங்கள். ஓர் அடியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த அடி விழுந்தால் எல்லாம் கூழாகிவிடும்.

தீப்பெட்டி

எட்டு நிமிடத்தின் நடுவில் ஒன்றரை நிமிடமாவது சின்ன ஓசைக்கு ஒதுக்குங்கள். சத்தத்துக்குப் பிறகு சத்தம் வந்தால் காது மரத்துப்போகும். தீப்பெட்டியின் 'சிக் சிக்' வரும்போது அவை மூச்சை அடக்கிக் கேட்கும். அதற்கப்புறம் விழும் முதல் வாளி அடிக்கு இரட்டைப் பலம்.

சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் நாடு முழுதும் தீப்பெட்டி அனுப்பும் மண் நம்முடையது, பொருளுக்குப் பஞ்சமில்லை. மரக்குச்சிப் பெட்டியாக வாங்குங்கள். மெழுகுக்குச்சி மந்தமாகக் கேட்கும். நிறைந்த பெட்டி ஓசை தராது, குச்சி அசைய இடம் வேண்டும். சாதாரண அளவுப் பெட்டியில் 12 முதல் 15 குச்சி போதும். ஆட்டினால் 'சிக்', உள்ளங்கையில் அறைந்தால் 'டப்', கட்டைவிரலால் உள்பெட்டியைத் தள்ளி மூடினால் 'டக்'. தீக்குச்சி பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் உரசினால்தான் பற்றும். உள்ளே குலுங்கினால் பற்றாது. ஆனாலும் இரண்டு பெட்டியை உரசும் அசைவுகளில் வெளியே நீட்டிய குச்சி பட்டையில் படலாம். மருந்துத் தலையை ஒடித்துத் தண்ணீரில் போட்டுவிட்டு வெறும் குச்சியை உள்ளே வையுங்கள். கடலோர ஊராக இருந்தால் ஈரத்தில் அட்டை நைந்துபோகும்; நிகழ்ச்சிக்கு அன்று காலையில் பிரித்த புதுப் பெட்டி ஆளுக்கு இரண்டு.

வாளியும் டிரம்மும்

வீட்டு பிளாஸ்டிக் வாளி இரண்டே நாளில் கீறல் விடும். பெயின்ட் கடையிலும் பெயின்டரிடமும் கிடைக்கும் 20 லிட்டர் காலி வாளிதான் சரி, சுவர் கனமானது. கவிழ்த்து வைத்துப் பாருங்கள், அடிப்பகுதியின் நடுவில் சின்னக் கொப்புளம் போல ஒரு புள்ளி தெரியும். அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் புகுந்த இடம் அது. அங்கே பலம் குறைவு, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அந்தப் புள்ளியை விட்டு ஓர் அங்குலம் தள்ளி அடியுங்கள். அங்கே கனமான ஓசை, விளிம்பில் கூர்மையான ஓசை, பக்கச் சுவரில் வறண்ட ஓசை.

கவிழ்த்த வாளி தரையோடு ஒட்டி உட்கார்ந்தால் கனத்த ஓசை உள்ளேயே அடைபட்டுவிடும். வாய் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். வாயின் விளிம்புக்கு அடியில் மூன்று இடத்தில் 3 செ.மீ. கன ரப்பர்த் துண்டு வைத்தால் போதும், வாளியும் நழுவாது. ஸ்டூலில் உட்கார்ந்து அடிப்பவர்கள் இரண்டு பாதத்துக்கும் நடுவில் வாளியைக் கவ்வி, கனமான அடி வரும்போது மட்டும் தூக்கிக் கொடுக்கலாம். மூடினால் 'தட்', தூக்கினால் 'தோம்'. ஒரே வாளியில் இரண்டு சுருதி.

டிரம் செட் குச்சி வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். கோலாட்டக் கழி அருமையானது: கனமான மரம், கைக்கு அடக்கமான நீளம், விலையும் குறைவு. நுனியை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கூர் விளிம்பு வாளியைக் கிழிக்கும்.

அடியோசைக்கு 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் இரண்டு. முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். பூச்சிமருந்தோ அமிலமோ இருந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். எண்ணெய், ஊறுகாய், பழக்கூழ் வந்த டிரம் பாருங்கள். கழியின் தலையில் பழந்துணி சுற்றி, மேலே சைக்கிள் டியூப் ரப்பரை இறுக்கிக் கட்டினால் டிரம் அடிக்கும் கொட்டாப்புளி தயார். கேன் தண்ணீர்க் குடுவையும் நல்ல வாத்தியம்: காலிக் குடுவையைத் தலைகீழாகப் பிடித்து அடியில் உள்ளங்கையால் அறைந்தால் 'பூம்'. கெட்டியான குடுவையாகத் தேர்ந்தெடுங்கள், அழுத்தினால் நசுங்கும் மெல்லியது உதவாது.

தண்ணீரை வைத்துச் சுருதி மாற்ற நினைப்பவர்கள் வழக்கமாக ஒரு குழப்பத்தில் விழுவார்கள். ஜலதரங்கத்தைப் போலக் கிண்ணத்தைத் தட்டினால், தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். பாட்டிலின் வாயில் ஊதினால், தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறும். தட்டும்போது அதிர்வது பாத்திரம், தண்ணீர் அதன் மேல் சுமை. ஊதும்போது அதிர்வது உள்ளிருக்கும் காற்று, தண்ணீர் அதன் இடத்தைச் சுருக்குகிறது. எப்படியானாலும் தண்ணீர் வரும் பகுதியைக் கடைசியில் வையுங்கள். நனைந்த மேடையில் அதற்குப் பின் யாரும் ஆட முடியாது.

மெட்டு வேண்டுமானால்: பைப்

கேட்பவர்களுக்கு ஒரு மெட்டு காதில் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டால் பி.வி.சி. பைப். ஒன்றரை அங்குல, மெல்லிய சுவருள்ள பைப்பை, இரண்டு பக்கமும் திறந்தபடி, தொடையில் அறைந்தால் சுருதி வரும். மோகன ராகத்துக்கு, ஒரு கட்டைச் சுருதியில் (கீபோர்டில் C), 30 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டால்: ச 64.5 செ.மீ., ரி 57.2, க 50.7, ப 42.3, த 37.5, மேல் ச 31.1. ஆறையும் கூட்டினால் 283 செ.மீ.; ஒரு 10 அடிப் பைப்பிலேயே முடிந்துவிடும். ஒவ்வொன்றையும் ஒரு செ.மீ. நீளமாகவே அறுங்கள், செல்பேசியில் சுருதி பார்க்கும் செயலியை வைத்து உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவாருங்கள். குறைந்த பைப்பை நீட்ட முடியாது. ஒரு முனையை உள்ளங்கையால் மூடி அறைந்தால் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே போகும். அதனால் ஆறு பைப்பில் பதினொரு சுரம் கிடைக்கிறது; மேல் ச பைப்பை மூடினால் வருவது முதல் ச-தான். வெப்பம் ஏறினால் எல்லாப் பைப்பும் சேர்ந்தே சற்றுச் சுருதி ஏறும். தங்களுக்குள் பொருந்திக்கொள்ளும், கீபோர்டோடு சேர்த்தால்தான் பிசிறும்.

பாத்திர மூடி

ஸ்டாம்ப் குழுவின் குப்பைத்தொட்டி மூடி துத்தநாகம் பூசிய இரும்பு. நம் கடைகளில் அது எளிதில் கிடைக்காது. கல்யாண அண்டாவின் அலுமினிய மூடி நெருங்கி வரும்: ஓசை 'டங்' என்று விழுந்து சட்டென அடங்கும், அதுதான் தாளத்துக்கு வேண்டியது. எவர்சில்வர் தாம்பாளம் நீளமாக ரீங்கரிக்கும்; எட்டுத் தாம்பாளம் சேர்ந்தால் அடிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், ஒன்றிரண்டு போதும். மூடியின் கைப்பிடியை மட்டும் பிடிக்க வேண்டும். விரல் விளிம்பைத் தொட்டால் ஓசை அணைந்துபோகும். விளிம்பு சுருட்டி மடித்ததாக இருக்க வேண்டும். வெட்டுத் தகடாக இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

காதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மூடிய அறையில் எட்டுப் பேர் உலோகம் அடித்தால் 100 டெசிபெல் சாதாரணமாகத் தாண்டும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் வரம்பு 85 டெசிபெல்லுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம். 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிடம். மூடிப் பகுதியை மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் வைத்தே பழகுங்கள், முடிந்தால் திறந்த வெளியில். ஒத்திகை முடிந்து காதில் 'ங்ஙொய்' என்று கேட்டால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது.

தரை, கால், மைக்

சிமென்ட் மேடையில் துடைப்பத் தட்டும் மிதியும் எழும்பாது. முழங்காலும் கணுக்காலும் கெடும். 18 மி.மீ. பிளைவுட் பலகை, எட்டுக்கு நான்கு அடியில் பன்னிரண்டு வாடகைக்கு எடுத்தால் 24 அடிக்கு 16 அடித் தரை கிடைக்கும். எட்டுப் பேருக்கு இது போதும். பலகைக்கு அடியில் இரண்டு அங்குல மரச்சட்டம் ஒன்றரை அடி இடைவெளியில் வையுங்கள். அந்தக் காற்றிடம்தான் மிதிக்குக் கனம் தருகிறது. பலகை சேருமிடத்தைத் துணி டேப்பால் ஒட்டுங்கள், துடைப்பத் தலை அங்கேதான் மாட்டும். ஒத்திகையும் இதே தரையில் குறைந்தது மூன்று முறை நடக்க வேண்டும். தரை மாறினால் கை எதிர்பார்க்கும் துள்ளலும் மாறும்.

காலுக்கு விளையாட்டு ஷூ வேண்டாம், ரப்பர் ஓசையை விழுங்கிவிடும். கட்டடத் தொழிலாளர் போடும் கனத்த பூட்ஸ் நல்லது. மிதியைக் குதிகாலால் குத்தாதீர்கள். முழங்கால் தளர்ந்திருக்க, முழுப் பாதமும் தட்டையாக விழ வேண்டும். ஓசை பாதத்தின் பரப்பிலிருந்து வருகிறது, காலை எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்பதிலிருந்து வருவதில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் ரப்பர் பூட்ஸைக் கையால் அறைந்து உருவாக்கிய கம்பூட் ஆட்டத்தில் குனிந்த முதுகையும் தளர்ந்த முழங்காலையும் பார்க்கலாம். மணிக்கணக்கில் ஆடும் உடல் தானாகக் கண்டுபிடித்த நிலை அது.

500 பேர் உட்காரும் அரங்கில் வாளிக்கும் மூடிக்கும் மைக் தேவையில்லை. பெருக்கலுக்கும் தீப்பெட்டிக்கும் கட்டாயம் வேண்டும். தரை மைக் கிடைக்காவிட்டால் சாதாரணப் பாட்டு மைக் மூன்றை மேடையின் முன் விளிம்பில், மடித்த துண்டின் மேல், தரையிலிருந்து ஓரிரு அங்குல உயரத்தில் உள்பக்கம் பார்த்துப் படுக்க வையுங்கள். வாளிப் பகுதி வரும்போது அவற்றை இறக்க, ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். அவர் கையில் எந்த நிமிடத்தில் என்ன என்று எழுதிய தாள் இருக்கட்டும். மேடையில் இருப்பவர்கள் ஒலிபெருக்கியைக் கேட்டுத் தாளம் பிடிக்கக் கூடாது. ஓசை 10 மீட்டர் கடக்க ஏறக்குறைய 30 மில்லி வினாடி ஆகும். ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியைக் கேட்டு ஒருவர், இன்னொன்றைக் கேட்டு ஒருவர் என்று அடித்தால் அந்த இடைவெளி காதில் விழும். எண்ணிக்கைப் பொறுப்பாளரின் தோளைக் கண்ணால் பிடியுங்கள்.

ஆறு வாரத்தைப் பிரிப்பது

வாரம் மூன்று நாள், இரண்டிரண்டு மணி நேரம்: மொத்தம் 36 மணி நேரம். முதல் வாரம் பொருளே வேண்டாம். வாய்ச்சொல், கைதட்டல், மிதி மட்டும். இரண்டாம் வாரம் துடைப்பம். மூன்றாவதில் தீப்பெட்டியும் வாளியும். நான்காம் வாரக் கடைசிக்குள் 8 நிமிடமும் ஒரு தடவை முழுதாக ஓடியிருக்க வேண்டும், எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி. ஐந்தாம் வாரம் முழுக்க மாற்றங்களுக்கு: துடைப்பத்தை எங்கே வைப்பது, வாளியை யார் கொண்டுவருவது. இந்த நடனங்கள் பெரும்பாலும் தாளத்தில் கெடுவதில்லை, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் பத்து வினாடியில்தான் கெடுகின்றன. அந்தப் பத்து வினாடியையும் தாளத்திலேயே அமையுங்கள்; இருவர் தட்டிக்கொண்டிருக்க ஆறு பேர் பொருள் மாற்றட்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் கொடுங்கள்: சோம்பேறி, மேஸ்திரி, எல்லாவற்றிலும் பிந்துகிறவர், ஓயாமல் சுத்தம் செய்கிறவர். வசனம் இல்லாத மேடையில் அவையைக் கட்டிப்போடுவது இந்த உறவுகள்தான். பிந்துகிறவரின் பிந்தலைக்கூட எண்ணிக்கையில் வையுங்கள். உங்கள் கட்டில் 10-ஆம் இடம் காலி, அவருடைய ஒற்றை 'டக்' எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை அங்கே விழட்டும்.

சுவரொட்டியில் 'ஸ்டாம்ப்' என்று போடாதீர்கள். அது ஒரு குழுவின் பெயர். அவர்களுடைய காட்சியை அசைவுக்கு அசைவு எடுப்பதும் கூடாது. 1957-ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் நாடகப் படைப்பாகவே பாதுகாக்கிறது. பொருளைத் தட்டி ஆடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் பொது. ஈர்க்குமாறும் கோலாட்டக் கழியும் அண்டா மூடியும் வந்துவிட்டால் உங்கள் நடனம் எப்படியும் வேறாகத்தான் இருக்கும்.

நிகழ்ச்சியன்று மேடையின் இரண்டு பக்கமும் திரைக்குப் பின்னால் இரண்டு துடைப்பம், ஒரு வாளி, நான்கு கழி, இரண்டு தீப்பெட்டி தனியாக வைத்துவிடுங்கள். பொருள் உடைந்தவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கக் கூடாது. காலால் ஓரம் தள்ளிவிட்டு, தன் பங்கைக் கைதட்டலில் வாசித்தபடியே பக்கவாட்டுக்கு நடந்து, புதியதோடு அடுத்த சுற்றின் 1-இல் திரும்ப வேண்டும். இதையும் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள், வெவ்வேறு ஆளின் துடைப்பத்தைச் சொல்லாமல் பிடுங்கிக்கொண்டு.